லயத்து வீட்டில் நவராத்திரிக் கும்பம்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு சகோதரியின் கேள்விக்கு இது பதில். அவருடைய அம்மா இருந்தவரை வீட்டில் நவராத்திரிக்குக் கும்பம் வைத்தார். அம்மா காலமாகி இரண்டு வருடங்களாகின்றன. இந்த வருடம் தாமே வைக்க வேண்டும் என்று சகோதரி விரும்புகிறார். ஆனால் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரே காம்பராவில், அதாவது ஒரே அறையில், ஐந்து பேர் படுக்க வேண்டியிருக்கிறது. காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் மாலையில்தான் வீடு திரும்ப முடிகிறது. மந்திரம் தெரியாது, ஐயரை அழைக்க வசதியில்லை, நடுவில் தீட்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. கும்பத்தோடு விதைக்கும் நவதானிய முளை சரியாக வராவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று அயலில் ஒருவர் சொன்னதும், ஒருமுறை தொடங்கினால் ஆயுள் முழுவதும் விடக்கூடாது என்று இன்னொருவர் சொன்னதும் அவரை இன்னும் தயங்க வைத்திருக்கின்றன.

தங்கச்சி, தாராளமாக வைக்கலாம். தோட்டப் பாடசாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேல் சைவநெறி கற்பித்தவள் என்ற முறையில் மட்டுமல்ல, தலவாக்கலைப் பக்கத்து லயமொன்றில் என் அம்மாவோடு இருந்து கும்பம் வைத்துப் பழகியவள் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன். கும்பம் வைப்பது என்பது அம்பாளை ஒன்பது இரவுகள் நம் வீட்டில் வந்து தங்கும்படி அழைப்பது. அழைத்த பிறகு ஒவ்வொரு நாளும் அவளை நினைத்து விளக்கேற்ற வேண்டும். அந்த ஒன்றைத்தான் குறைக்க முடியாது. மற்றவை எல்லாம் இடத்துக்கும் கைவசதிக்கும் ஏற்றபடி கூட்டவும் குறைக்கவும் கூடியவை. பலர் இதை மாற்றிப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் கடன்பட்டுப் பெரிதாக வைத்துவிட்டு நாலாம் நாள் விளக்கேற்ற ஆளில்லாமல் விடுவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

மாலையில்தான் வீடு திரும்ப முடிகிறது என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். நவராத்திரி என்ற பெயரே ஒன்பது இரவுகள் என்றுதான் பொருள்படும். பூசைக்கு உரிய வேளை மாலைதான். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, ஆறரை ஏழு மணிக்கு விளக்கேற்றினால் அதுவே முறையான நேரம். புரட்டாசி அமாவாசைக்கு அடுத்த வளர்பிறைப் பிரதமையில் கும்பம் வைத்து, முதல் மூன்று நாள் துர்க்கையையும், நடு மூன்று நாள் இலட்சுமியையும், கடைசி மூன்று நாள் சரஸ்வதியையும் வழிபட்டு, பத்தாம் நாளான விஜயதசமியில் நிறைவு செய்வது இலங்கையில் நாம் கைக்கொள்ளும் ஒழுங்கு. சில வருடங்களில் பிரதமை ஐப்பசிக்குள் தள்ளிப் போகும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் இடையில் ஒரு நாள் வித்தியாசம் வருவதும் உண்டு. அப்படியான வருடத்தில் உங்கள் தோட்டத்துக் கோயிலில் என்றைக்குக் கும்பம் வைக்கிறார்களோ அன்றைக்கு வையுங்கள்.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கும்பம் இறைவனுடைய திருமேனி. குடம் தசை, அதன்மேல் சுற்றும் நூல் நாடி நரம்பு, உள்ளே நிறைக்கும் நீர் இரத்தம், தேங்காய் தலை, மாவிலை சடை, தருப்பைப் புல்லை முடிந்து செய்யும் கூர்ச்சம் குடுமி, போர்த்தும் பட்டுத் துணி தோல் என்று நம்முடைய கிரியை மரபு விளக்குகிறது. ஓர் உடம்பை உறுப்பு உறுப்பாகக் கூட்டி அதில் அம்பாளை எழுந்தருளும்படி வேண்டுகிறோம். என் அம்மா செம்பை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மடியில் நூல் உருண்டையைப் போட்டு, குறுக்கும் நெடுக்குமாக இழை இழையாகச் சுற்றும்போது செம்பின் மேல் சின்னச் சின்னக் கண்களாக விழும். அந்த நேரத்தில் அவர் யாரோடும் பேசமாட்டார். இடையில் நூல் அறுந்தால் சகுனம் என்று பதறவும் மாட்டார்; முடிந்துவிட்டுத் தொடர்ந்து சுற்றுவார்.

இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் வடகிழக்கு மூலையை அடுப்போ கட்டிலோ பிடித்துக்கொண்டிருக்கும். கும்பம் கிழக்கையோ வடக்கையோ பார்த்தபடி இருப்பது நல்லது. அது முடியாவிட்டால் மேற்குப் பார்த்து இருந்தாலும் குற்றமில்லை. இரவில் படுப்பவர்களின் கால் கும்பத்தை நோக்கி நீளக்கூடாது, குழந்தைகள் ஓடித் தட்டும் வழியில் இருக்கக்கூடாது என்ற இரண்டை மட்டும் கவனியுங்கள். சுவரோடு ஒரு சின்ன மேசையோ பலகையோ போட்டு, முன்னால் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டால் பூசை நேரத்தில் விலக்கலாம், மற்ற நேரத்தில் மூடலாம். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். புரட்டாசி ஐப்பசி மழைச் சாரலும் மூடுபனியும் உள்ளே அடிக்கும், நாயும் கோழியும் வரும் என்பதால் உள்ளே வைப்பதையே நான் விரும்புவேன்.

பலகையில் வாழையிலை விரித்து, அதன்மேல் ஒரு கொத்து அளவு பச்சையரிசியைப் பரப்பி, நூல் சுற்றிய செம்பை அதில் இருத்துங்கள். பித்தளை அல்லது செப்புச் செம்பு வேண்டும். அம்மாவின் செம்பு இருந்தால் புளி போட்டு விளக்கி அதையே எடுங்கள். முக்கால் பங்குக்கு மட்டும் நீர் ஊற்றுங்கள். தளும்ப ஊற்றினால் தேங்காயை வைக்கும்போது வழிந்து அரிசி ஈரமாகும். நம்முடைய குளிரில் அந்த ஈரம் காயாது, மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்துவிடும். நீரில் சிறிது மஞ்சள், இரண்டு ஏலம், இரண்டு கராம்பு, ஒரு நாணயம் போடுங்கள். குடுமியுள்ள தேங்காய்க்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டிட்டு, ஐந்தோ ஏழோ மாவிலைகளின் நடுவில் வைத்து, ஒரு சின்னப் பட்டுத் துணியைச் சாத்தி, பூமாலை போடுங்கள்.

மாவிலைதான் மேல்மலைப் பக்கத்தில் பெரிய பாடு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டனும் 1,200 மீற்றருக்கு மேல். அந்தக் குளிரில் மாமரத்தையோ வேம்பையோ வாசலில் எதிர்பார்க்க முடியாது. கண்டி, மாத்தளைப் பக்கமிருந்து வரும் உறவினரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துவரச் செய்யுங்கள். குளிரில் இலை ஒரு வாரத்துக்கும் வாடாது, அந்த அளவில் குளிர் நமக்கு உதவி. எப்படியும் கிடைக்கவில்லையென்றால் நல்ல வெற்றிலைகளை வைக்கலாம், அந்த வழக்கமும் உண்டு. பூவுக்கு நம்மிடம் குறையே இல்லை. ரோஜாவும் செவ்வந்தியும் வாசலிலேயே பூக்கும். சரஸ்வதிக்குரிய கடைசி மூன்று நாளும் ஓடைக்கரையில் தானாக வளரும் வெள்ளை லில்லியைச் சாத்தினால் அந்தச் சின்ன இடமே வெண்மையாகிவிடும்.

விளக்குக்கு நல்லெண்ணெயைப் பயன்படுத்துங்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை வெப்பத்துக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மேல்மலையில் இரவு அதைவிட எவ்வளவோ குளிர்ச்சியாக இருப்பதால் திரிக்கு எண்ணெய் ஏறாமல் விளக்கு அணைந்துபோகும். அப்படி அணைந்ததை அபசகுனம் என்று நினைத்து அழுத பெண்களை நான் அறிவேன். எண்ணெய் உறைந்ததைத் தவிர அங்கே வேறு எதுவும் நடக்கவில்லை. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்பது நாளும் அணையா விளக்கு எரிய வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கோயிலுக்கு அது சரி, ஆள் இல்லாத லயத்து வீட்டுக்குச் சரியில்லை. ஒரே கூரைக்குக் கீழே பலகையும் தகரமுமாக அடுத்தடுத்து இருக்கும் காம்பராக்களில் தீ பிடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது. பூசை முடிந்து, சாப்பிட்டு, படுக்கப் போகும்வரை எரியட்டும். பிறகு பூவினால் மெதுவாக அமர்த்திவிடுங்கள், வாயால் ஊத வேண்டாம். காலையில் மலைக்குப் போகுமுன் ஏற்றினால், வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் மட்டும் எரியவிட்டுப் போங்கள்.

இனி முளை. கும்பத்தைச் சுற்றியோ அதன் முன்னாலோ ஒரு தட்டத்தில் மண்பரப்பி நவதானியம் விதைப்பது நம் வழக்கம். நெல், கோதுமை, துவரை, பயறு, கடலை, அவரை, எள்ளு, உளுந்து, கொள்ளு ஆகிய ஒன்பதும் சேர்ந்ததே நவதானியம். டவுன் கடைகளில் கலந்தே பொட்டலமாக விற்பார்கள். நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிப்பதையும் முளைப்பாரி போடுவதையும் தங்களோடு கொண்டுவந்தார்கள். நவராத்திரிக் கும்பம், எனக்குத் தெரிந்த தோட்டங்களில், பெரும்பாலும் பாடசாலையில் சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழாவைப் பார்த்துப் பிற்பாடு வீடுகளுக்கு வந்தது. ஆனபடியால் முளை வளர்க்கும் கைப்பக்குவம் நம் பெண்களுக்குப் புதிதல்ல. உங்கள் அம்மாவுக்கும் அது அங்கிருந்துதான் வந்திருக்கும்.

முளை வராவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொன்னவருக்கு, குளிரில் விதை எப்படி முளைக்கும் என்பது தெரியாது. எள்ளும் நெல்லும் சூட்டை விரும்பும் தானியங்கள். நம் பக்கத்துக் குளிரில் அவை பிந்தித்தான் முளைக்கும், சில வருடம் முளைக்காமலே போகும். பயறும் கொள்ளும் முந்திக்கொண்டு தலைகாட்டும். அதனால் கும்பம் வைப்பதற்கு முதல் நாள் இரவே தானியத்தை இளஞ்சூட்டு நீரில் ஊறவையுங்கள். மண்ணோடு கொஞ்சம் மணலும் உதிர்ந்த காய்ந்த சாணமும் கலந்து, நீர் தேங்காமல் வடியும் தட்டத்தில் பரப்புங்கள். தினமும் கையால் தெளிப்பதோடு நிறுத்துங்கள், ஊற்ற வேண்டாம். முதல் மூன்று இரவு தட்டத்தை அடுப்புச் சூடு படும் இடத்துக்கு நகர்த்தி, துணியால் மூடிவைத்துவிட்டு, மாலையில் கும்பத்தின் முன்னால் கொண்டுவரலாம். அதில் குற்றமேதும் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது முளைக்குத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தார். பக்தி மிகுதியால் காலையும் மாலையும் செம்பு செம்பாக ஊற்றினேன். நாலாம் நாள் மண்ணைக் கிளறினால் தானியமெல்லாம் அழுகிப் புளித்த வாடை அடித்தது. நான் நடுங்கிப்போய் நின்றேன். அம்மா திட்டவில்லை, யாரையும் கூப்பிட்டுக் கேட்கவுமில்லை. அந்த மண்ணைக் கொண்டுபோய் வாசலில் இருந்த கீரைப் பாத்தியில் கொட்டினார், புது மண் போட்டார், இருந்த பயற்றில் ஒரு பிடியை ஊறவைத்து மறுநாள் விதைத்தார். விஜயதசமியன்று அது ஒரு விரல் உயரம்தான் வந்திருந்தது. அதற்கும் மஞ்சள் நீர் தெளித்து, குங்குமம் வைத்து, மற்ற வருடங்களைப் போலவே கும்பிட்டோம். அந்த வருடம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

வெளிச்சம் குறைந்த காம்பராவில் வளரும் முளை பச்சையாக இராமல் வெளிர் மஞ்சளாக, பொன் கம்பி போல எழும். ஒளி படாததால் பச்சையம் உண்டாவதில்லை, நோய் என்று நினைக்க வேண்டாம். கதவுப் பக்கம் எல்லாம் ஒரே சாய்வாகச் சாய்ந்து நிற்கும். தட்டத்தைத் தினம் கொஞ்சம் திருப்பி வைத்தால் நேராக வரும்.

ஐயர் இல்லாமல் பூசை செய்யலாமா என்பது அடுத்தது. வீட்டில் வைக்கும் கும்பத்துக்கு ஐயர் கட்டாயமில்லை. மஞ்சளில் ஒரு பிள்ளையாரைப் பிடித்து அறுகம்புல் சாத்தி முதலில் அவரைக் கும்பிடுங்கள். பிறகு கும்பத்தின் முன் கைகூப்பி நின்று, “தாயே, இன்று முதல் விஜயதசமி வரை இந்தக் கும்பத்தில் எழுந்தருளியிருந்து எங்கள் பூசையை ஏற்றுக்கொள்ள வேண்டும்” என்று உங்கள் வாயாலேயே கேளுங்கள். ஆவாகனம் என்பது அந்த அழைப்புத்தான். தெரியாத சமஸ்கிருத மந்திரத்தை போனில் ஓடவிட்டு அதன் பின்னால் தடுமாறிச் சொல்வதைக் காட்டிலும், பொருள் தெரிந்த தமிழ்ப் பாட்டு ஒன்றை நிதானமாகப் பாடுவது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

பாட்டுக்கு உங்கள் பிள்ளைகளையே கேளுங்கள். குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் பாடிய சகலகலாவல்லி மாலையை வாணி விழாவில் பாடாத தமிழ்ப் பாடசாலை நம் பக்கத்தில் இல்லை. அதில் பத்தே பாட்டுகள்தான். காசியில் அரசனோடு பேசுவதற்கு வேற்று மொழி அறிவு வேண்டி அவர் கலைமகளைப் பாடினார் என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. கல்வி வேண்டி நிற்கும் பிள்ளைகள் பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமானது எது? முதல் ஆறு நாளும் அபிராமி அந்தாதியிலிருந்து நாலைந்து பாட்டு எடுக்கலாம். நூறு பாட்டையும் ஒரே நாளில் பாடி முடிக்க வேண்டும் என்று களைத்துப்போக வேண்டாம். தேவாரம் ஒன்று, வாழ்த்து ஒன்று, பிறகு கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டு, திருநீறு குங்குமம் கொடுத்து முடித்தால் அரை மணித்தியாலம் போதும்.

நிவேதனத்தில் போட்டி வேண்டாம். ஒரு நாள் கடலை, ஒரு நாள் பயறு, ஒரு நாள் அவல், வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல், மற்ற நாள் இரண்டு கோழிக்கூட்டு வாழைப்பழம் என்றாலே நிறைவு. கடையில் கடன் எழுதி ஒன்பது வகைப் பலகாரம் செய்ய அம்பாள் கேட்கவில்லை. வைத்ததில் ஒரு கையளவாவது பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

தீட்டைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள், தயங்க வேண்டாம். ஒன்பது நாள் விரதத்தில் பெண்களுக்கு இது வருவது இயற்கை. அந்த நாட்களில் விளக்கேற்றுவதை வீட்டுக்காரரோ பிள்ளையோ மாமியாரோ செய்யட்டும், நீங்கள் தள்ளியிருந்து மனத்தால் கும்பிடுங்கள். விரதம் முறிந்ததாகாது, கும்பத்தை எடுக்க வேண்டியதும் இல்லை. அதனால்தான் முதல் நாளே வீட்டுக்காரருக்கும் மூத்த பிள்ளைக்கும் திரி போடுவது முதல் கற்பூரம் காட்டுவது வரை பழக்கிவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். இரத்த உறவில் மரணம் நேர்ந்து குடும்பம் முழுவதற்கும் தீட்டு வந்தால், உறவல்லாத ஒருவரைக் கொண்டு விளக்கேற்றிக் கும்பிட்டுக் கும்பத்தைச் சிறிது நகர்த்தி நிறைவு செய்துவிடலாம், அல்லது கோயில் பூசாரியிடம் ஒப்படைக்கலாம். அடுத்த காம்பராவில் மரணம் நேர்ந்தால் உங்களுக்குத் தீட்டில்லை. ஆனாலும் சுவர் ஒன்று. அழுகைச் சத்தத்துக்கு நடுவில் மணி அடிக்கவோ பாடவோ கூடாது. விளக்கை மட்டும் ஏற்றி, பேசாமல் கும்பிட்டுவிட்டு, அந்த வீட்டுக்குத் தேநீர் ஊற்றிக் கொண்டு போங்கள்.

ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூசையும் ஆயுத பூசையும் சேர்ந்து வரும். இதைத்தான் நம்முடைய வீடுகளில் மிகச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கி, அதன் பக்கத்தில் உங்கள் கொழுந்துக் கூடையையும், தேயிலைச் செடியை வெட்டிவிடும் வீட்டுக்காரரின் கவ்வாத்துக் கத்தியையும், மம்பட்டியையும் கழுவித் துடைத்து வையுங்கள். என் அப்பா கவ்வாத்துக் கத்தியை முதல் நாள் மாலையே கல்லில் தீட்டி, தேயிலைக் கறை போக உமியால் தேய்த்து, துணியில் எண்ணெய் தொட்டு அலகு முழுவதும் தடவுவார். மறுநாள் அதன் வளைந்த அலகில் சந்தனம் மூன்று புள்ளியாக இருக்கும். பிடியில் அவருடைய உள்ளங்கை பட்டுத் தேய்ந்த பள்ளத்தில் ஒரு செவ்வந்திப் பூ கிடக்கும். என் சமயப் புத்தகமும் அந்தக் கத்தியும் ஒரே பலகையில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் யார் எதனால் சாப்பிடுகிறோம் என்பது எனக்கு விளங்கியது. கூடையைச் சாமிக்கு முன்னால் வைக்கலாமா என்று வெட்கப்படும் பெண்கள் இருக்கிறார்கள். உங்களுக்குச் சோறு போடும் கருவி அது, வெட்கப்படாமல் வையுங்கள்.

விஜயதசமி காலையில் நிறைவுப் பூசை செய்து, கும்பத்தை வடக்குப் பக்கமாகச் சிறிது நகர்த்துங்கள். அத்தோடு அம்பாளை வழியனுப்பியதாகிறது. வைத்த கருவியை அன்றே எடுத்துக் கொஞ்சமாவது பயன்படுத்த வேண்டும். பிள்ளை ஒரு பக்கம் வாசிக்கட்டும், வீட்டுக்காரர் வாசலில் ஒரு வெட்டு வெட்டட்டும். மூன்று வயதுக் குழந்தை இருந்தால் தட்டில் அரிசி பரப்பி, விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவித்து ஏடு தொடக்குங்கள். கும்பத்து நீரை மாவிலையால் வீடெங்கும் தெளித்து, மீதியைப் பூச்செடிக்கு ஊற்றுங்கள். தேங்காயையும் அரிசியையும் அன்றே பொங்கலாக்கிச் சாப்பிடலாம். முளையை ஓடையில் விடும்போது மண்ணோடு மட்டும் விடுங்கள். பொலித்தீனையும் பூமாலைக் கம்பியையும் கூடவே போட்டால் கீழே உள்ள பீலியில் போய் அடைக்கும், அதில்தான் இன்னொரு லயம் தண்ணீர் பிடிக்கிறது.

ஒருமுறை தொடங்கினால் ஆயுள் முழுவதும் விடக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை. இத்தனை வருடம் செய்வேன் என்று நீங்களே வாய்விட்டு நேர்ந்துகொண்டிருந்தால் மட்டும் அதை நிறைவேற்றுங்கள். இல்லையென்றால் அந்தந்த வருடத்துச் சங்கற்பம் விஜயதசமியோடு நிறைவுபெறுகிறது. முடியாத வருடத்தில் ஒன்பதாம் நாள் மட்டும் புத்தகமும் கூடையும் வைத்துக் கும்பிடலாம். இந்த வருடத்துக்குச் செய்ய வேண்டியது, அம்மாவின் செம்பை இப்போதே பரணிலிருந்து இறக்கி, அடியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. ஈயம் பூசவோ ஒட்டவோ வேண்டியிருந்தால் அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பே டவுனுக்குக் கொடுத்துவிடுங்கள்.